பன்னிரண்டுக்கு எட்டு வராந்தா

கோரைக்குளம் காலனி மூன்றாம் தெருவில், ஐந்தடி இரண்டு அங்குலம் இருந்த தனபாக்கியம் அக்கா ஒன்பதே நாளில் ஒரு சாண் உயரத்துக்குக் குறுகிப்போனாள் என்று சொன்னால் அங்கே யாரும் ‘அப்படியா’ என்றுகூடக் கேட்க மாட்டார்கள். எல்லோருக்கும் அது தெரியும், எல்லோரும் அதைப் பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே அவள் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்தார்கள், குடித்த டம்ளரைத் தரையில் வைக்கும்போது அவள்மேல் வைத்துவிடாமல் கொஞ்சம் பார்த்து வைத்தார்கள், அவ்வளவுதான். அந்தக் காபியை நானும் குடித்தேன். அதனால் இதைச் சொல்லும்போது எனக்கு வருகிற அருவருப்பில் பாதி என்மேலேயே வருகிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் மொக்கச்சாமி. மதுரைக்கு மேற்கே பைபாஸ் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். முன்பு கேட், கிரில் என்று ஓடிய பட்டறையில் இப்போது முக்கால்வாசி வேலை கொசுவலைதான், ஏனென்றால் கோரைக்குளம் என்பது பெயருக்குத்தான் குளம், நாலு காலனியின் சாக்கடையும் ஆகாயத்தாமரையும் சேர்ந்து கருப்பாகக் கிடக்கிற ஒரு பள்ளம் அது, சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் அதன் கரையில் வாயைத் திறந்து பேசினால் பேச்சு வெளியே வருவதற்குள் இரண்டு கொசு உள்ளே போய்விடும்.

என் வேலைக்கு ஒரு முறை உண்டு. காகிதத்தில் பிளான் போட்டுக் கொடுத்தால் வீட்டுக்காரர்கள் தலையை ஆட்டிவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு ‘இம்புட்டுச் சின்னதாவா’ என்று நிற்பார்கள். அதனால் நான் காகிதத்தையே தொடுவதில்லை. வராந்தா வரப்போகிற இடத்தில் தரையைக் கூட்டி, வெள்ளைப்பொடியால் அசல் அளவிலேயே கோடு போட்டு, சுவர் இங்கே, கதவு இங்கே, நாற்காலி இங்கே என்று காட்டுவேன். நாற்காலிக்குக் கோடு போடும் முன்னால் வீட்டில் உள்ளவரை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, முழங்காலுக்கு முன்னால் ஒன்றரை அடி விட்டு அளப்பேன். உட்கார வேண்டிய ஆளை உட்காரவைத்துத்தான் அளக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் என் முறை, இதைச் சொல்லித்தான் பெருமையடித்துக்கொள்வேன்.

சௌந்தரபாண்டியன் சார் ஒரு சர்க்கார் ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவிதான் தனபாக்கியம் அக்கா. அக்காவுக்கு இளைப்பு. உள்ளறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், காற்றே கிடையாது, படுத்தால் மூச்சு முட்டும் என்று பாதி ராத்திரிக்கு மேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருப்பாளாம். வெளியே வந்து படுக்கலாம் என்றால் கொசு. போன வருஷம்தான் டெங்குவில் பன்னிரண்டு நாள் கிடந்து பிழைத்திருந்தாள். காற்றாட ஒரு இடத்தில் படுக்கவையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழைக்காலம் தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காகத்தான், அவள் ஒருத்தி படுத்து மூச்சு விடுவதற்காகத்தான், வீட்டு முன்வாசலில் வலையடித்த ஒரு வராந்தா.

வாசல் பெரியதுதான். ஆனால் கிழக்கே பதினாறடி மாப்பிள்ளையின் காருக்கு. விருதுநகரிலிருந்து அந்தக் கார் வருஷத்துக்கு இரண்டு தடவை வரும், மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளும் அங்கே ஒரு நாய் படுத்திருக்கும். மேற்கே செப்டிக் டேங்க். மிச்சம் பன்னிரண்டுக்கு எட்டு. அது போதும் என்றேன். சுவரோரம் ஆறடிக் கட்டில், பக்கத்தில் தண்ணீரும் இளைப்புக்கு வாயில் வைத்து அழுத்துகிற பம்பும் வைக்க ஒரு முக்காலி, ஒரு நாற்காலி, நடக்க வழி, வெளிப்பக்கம் திறக்கிற கதவு. கோடு போட்டு முடித்தபோது அக்கா நிலைப்படியில் நின்று கட்டிலின் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் மூச்சு கொஞ்சம் லேசாக இருந்தது போல எனக்குப் பட்டது.

அன்று சாயங்காலமே வந்து சேர்ந்தார் காலனி சங்கச் செயலாளர் அமிர்தலிங்கம். வாக்கிங் போனவர், சுவரே இல்லாத வராந்தாவுக்குள் கதவுக்குப் போட்ட கோட்டின் வழியாகவே முறையாக நுழைந்து, இடுப்பில் கைவைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, சங்கத்து ஆட்கள் நாலு பேர் வந்தால் எங்கே உட்காருவது என்று கேட்டார். சார் உடனே அவரை ஸ்டூலில் உட்காரவைத்தார். நான் முழங்காலை அளந்தேன். நாலு நாற்காலிக்கு இடம் போதவில்லை.

“கட்டில அஞ்சடியாக்கிரு மொக்கச்சாமி,” என்றார் சார். “அவ அட்ஜஸ்ட் பண்ணிக்குவா.”

செருப்புக் காலாலேயே பழைய கோட்டைத் தேய்த்துவிட்டு ஐந்தடிக்குப் போட்டேன். மறுநாள் காலையில் அக்கா காபி கொண்டுவந்தபோது அவள் புடவை தரையில் ஒரு முழம் புரண்டது.

நான் பார்த்தேன். சார் பார்த்தார். எதிர்வீட்டு விசாலம் டீச்சர் பார்த்தாள், பார்த்துவிட்டு, அந்த உயரத்துக்குப் புடவையை இரண்டாக வெட்டிக் கட்டினால் ஒன்று வாங்கின மாதிரியும் ஆச்சு, இரண்டு உடுத்தின மாதிரியும் ஆச்சு என்றாள், எல்லோரும் சிரித்தார்கள். அன்று டீச்சரையும் ஸ்டூலில் உட்காரவைத்து அளந்தோம், ஏனென்றால் டீச்சருக்கு முதுகுவலி, சாய்மானம் உள்ள பிரம்பு சோபா இருந்தால்தான் அவளால் வந்து பத்து நிமிஷம் உட்கார முடியும். சோபாவுக்கு முன்னால் டீப்பாய் இல்லாமல் எப்படி. டீப்பாய்க்கு எதிரே டிவி இல்லாமல் எப்படி. சோபா வந்தது, கட்டில் நாலடியானது, அவள் அட்ஜஸ்ட் பண்ணிக்குவாள் என்றார் சார், அவள் பண்ணிக்கொண்டாள். டீப்பாய் வந்தது, கட்டில் மூன்றடியானது, அவள் பண்ணிக்கொண்டாள். டிவி ஸ்டாண்டு வந்தது, கட்டில் இரண்டடியானது, விசாலம் டீச்சர் தன் பேத்தியின் பழைய பாவாடைகளை ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்து கொடுத்தாள், கொடுத்ததைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டும் போனாள்.

அதே பொடி, அதே கை, அதே டேப். இதற்கு முன்னால் நாற்பது வராந்தாவுக்குக் கோடு போட்டிருக்கிறேன், எந்த வீட்டிலும் யாரும் ஒரு நூல்கூடக் குறையவில்லை. அல்லது நான் கவனிக்கவில்லை. எது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தெரு அதை எடுத்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அதை என்னவென்று சொல்வது. ஐந்தாம் நாளிலேயே அது பழைய செய்தியாகிவிட்டது. மாமியார்கள் மருமகள்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள், பார், ஒரு முகச்சுளிப்பு உண்டா, ஒரு முணுமுணுப்பு உண்டா, இப்படியல்லவா இருக்க வேண்டும் குடும்பத்துப் பொம்பளை என்றார்கள். வருகிறவர்கள் எல்லோரும் நாற்காலிக்கென்று போட்ட கோடுகளுக்குள் வீட்டு ஸ்டூல்களைப் போட்டு உட்கார்ந்து, வராந்தா வந்தால் காற்று எப்படி வரும் என்று பேசிக்கொண்டிருக்க, அக்கா கவிழ்த்துப் போட்ட வாளிமேல் ஏறி அடுப்பைப் பற்றவைத்து, டம்ளரை இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்காக ஒவ்வொரு நடையாக வந்தாள். சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று சொன்னார்கள். அதைக் குடித்தார்கள். சொன்னேனே, நானும் குடித்தேன்.

ஒன்று மட்டும் குறுகவில்லை. அவளுடைய இளைப்பு. இரண்டடி உடம்பிலிருந்து ஐந்தடி இரண்டு அங்குல உடம்பின் இளைப்பு வந்தது, கிழிந்த துருத்தி போல வீடெங்கும் கேட்டது. சார் டிவியில் சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

ஆறாம் நாள் அமிர்தலிங்கம் என்னைக் கேட்டுக்கு வெளியே தனியாக அழைத்துப்போனார். தன் தகப்பனார் வீட்டில் ஹால் கட்டிலில் கிடக்கிறார் என்றும், பெரிய உடம்பு என்றும், ஹாலில் நடமாடவே இடமில்லை என்றும், மெதுவாக, பழம் வாங்கப் பேரம் பேசுகிறவர் மாதிரிச் சொன்னார். “சும்மா ஒரு கோடுதான மொக்கச்சாமி. ஒரு நாலடிக்குப் போட்டுக் குடுத்துட்டுப் போயிரு.” அதே தெருவில் இன்னும் மூன்று வீட்டுக்காரர்கள் அதே மாதிரி வந்தார்கள், ஒருவருக்கு விதவைத் தங்கை, ஒருவருக்கு மூளை வளராத மகன், ஒருவருக்கு மாமியார். யாரிடமும் நான் ‘சீ’ என்று சொல்லவில்லை. பொடி தீர்ந்துபோச்சு என்று சொன்னேன். அவ்வளவுதான் என் வீரம்.

எட்டாம் நாள் சம்பந்திக்காக ஊஞ்சல். மாப்பிள்ளையின் அப்பா சாப்பிட்டதும் ஊஞ்சலில் ஆடுவாராம், விருதுநகர் வீட்டில் பர்மா தேக்கில் இருக்கிறதாம். ஊஞ்சல் பலகை நாலடிதான், ஆனால் முன்னுக்கு மூன்றடி பின்னுக்கு மூன்றடி ஆட இடம் விட வேண்டும். சம்பந்தி ஊரில் இருந்ததால் சார் தானே ஸ்டூலில் உட்கார்ந்து காலை முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினார், நான் அளந்தேன். கட்டிலுக்கு இருந்த இரண்டடியும் போய்விட்டது.

சார் கொஞ்சம் யோசித்தார். யோசித்தார் என்பதைச் சொல்ல வேண்டும், மனுஷர் யோசிக்காமல் இல்லை. பிறகு கதவோரத்தில் செருப்பு அலமாரிக்குப் போட்ட கோட்டைக் காட்டினார்.

“இதுல மேல் தட்டுக்கு ஒரு சாண் ஒசரம் விட்ரு. ஒரு துண்ட விரிச்சுப்போட்டா அவளுக்குத் தாராளமாப் போதும். காத்தும் வரும்ல.”

போட்டேன். கையில் பொடி இருந்தது, கோடு போட்டுவிட்டேன். ஆனால் பட்டறைக்குத் திரும்புகிற வழியில் வண்டியைக் குளத்துக்கரையில் நிறுத்தி, அந்தக் கருப்புத் தண்ணீரைப் பார்த்தபடி வயிற்றில் இருந்ததையெல்லாம் வாந்தியெடுத்தேன். அவள் போட்ட காபிதான் வந்தது.

மறுநாள் சார் வராந்தா திறப்புக்குச் சம்பந்தி வீட்டில் பத்திரிகை வைக்க விருதுநகருக்குப் போய்விட்டார், போனால் மகள் வீட்டில் நாலு நாள் தங்கித்தான் வருவார். நான் போனபோது வீடு திறந்து கிடந்தது, டிவி ஓடவில்லை, இளைப்புச் சத்தம் மட்டும் வாசல்வரை வந்தது. அக்கா முன்னறை முக்காலியின் காலடியில் பாவாடைத் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு சாணாகக் கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. இளைப்புப் பம்பு அவள் பக்கத்தில் விழுந்து கிடந்தது, அது அவள் இடுப்பளவு உயரம், அதைக் கட்டிப்பிடித்து அழுத்திப் பார்த்திருக்கிறாள், முடியவில்லை. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. நான் குப்புறப் படுத்து, பம்பின் வாயை அவள் முகத்துக்கு நேரே பிடித்து அழுத்தினேன். இரண்டு தடவை. மூன்றாவது தடவையில் மூச்சு இறங்கியது.

அப்படியே தரையோடு தரையாக நானும் கிடந்தேன். அந்த உயரத்திலிருந்து திறந்த கதவு வழியாகப் பார்த்தால் வாசலின் வெள்ளைக் கோடுகள் எல்லாம் வாய்க்கால் கரை போலத் தெரிந்தன.

“தம்பி,” என்றாள். “நாற்காலிக்கெல்லாம் ஆள உக்கார வச்சுத்தான அளந்தீங்க?”

ஆமாம் என்றேன்.

“என்னைய யாரும் படுக்கச் சொல்லலையே.”

இருபத்திரண்டு வருஷமாகப் பெருமையடித்த முறை, சங்கத்துச் செயலாளரின் முழங்காலுக்குச் செல்லுபடியானது, ஊரில் இல்லாத சம்பந்தியின் காலுக்குக்கூடச் செல்லுபடியானது, யாருக்காக வராந்தாவோ அவளுக்கு மட்டும் நான் டேப்பை நீட்டவே இல்லை. புருஷன்காரர் வாயால் சொன்ன அளவையே அவள் அளவென்று எடுத்துக்கொண்டேன். இந்த ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், அது இன்னும் அருவருப்பாக இருந்தது.

இடுப்பிலிருந்து டேப்பை உருவினேன். “எம்புட்டுக்கா வேணும்?”

அவள் டேப்பின் நுனியைத் தொட்டுப் பார்த்தாள். அறுபத்தோரு வயதில் முதல்தடவையாகக் கேட்கப்படுகிற கேள்வி அல்லவா. பிறகு, மளிகைச் சாமான் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள், கட்டில் ஆறடிக்கு மூணடி, இறங்கி நடக்க ரெண்டடி, முக்காலி ஒன்று, நாற்காலி ஒன்றே ஒன்று. நான் எழுந்து வாசலுக்குப் போய் மற்ற கோடுகளையெல்லாம், சோபாவை, டீப்பாயை, டிவியை, ஊஞ்சலை, செருப்பு அலமாரியை, விளக்குமாறு எடுத்துக் கூட்டித் தள்ளிவிட்டு அவள் சொன்னபடி போட்டேன்.

“பொடி வேணாம் தம்பி,” என்றாள். “தேச்சிருவாக.”

பட்டறைக்குப் போய் ஆங்கிள் இரும்பு கொண்டுவந்தேன். நாலு மூலையிலும் ஒன்றரை அடி தோண்டி, காலை இறக்கி, ஜல்லிக் கலவை போட்டு, தரையோடு சேர்த்துக் கட்டிலை வெல்டு வைத்தேன். கலவைக்குத் தினமும் காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும், விட்டால்தான் இறுகும். தண்ணீர் விட விட, கலவை இறுக இறுக, அக்கா வளர்ந்தாள். முதல் நாள் ஒரு முழம். இரண்டாம் நாள் டீச்சர் கொடுத்த பாவாடை முழங்காலுக்கு ஏறியது. நாலாம் நாள் தன் பழைய புடவையில் ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டாள், தரையில் கொஞ்சம்தான் புரண்டது. மேலே அவள் வளர்ந்துகொண்டிருக்க, நான் சட்டம் நிறுத்தி, கூரைத் தகடு போட்டு, மூன்று பக்கமும் வலையை இழுத்துத் தைத்தேன்.

சார் திரும்பி வந்தபோது வாசலில் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றார். அவர் பார்த்தது கட்டிலைத்தான். நாலடிக்கு மேல் வளர்ந்து அதில் உட்கார்ந்திருந்த மனைவியை அவர் கண் தாண்டிப் போனது.

“சோபாவ எங்கிட்டுய்யா போடுறது?”

இடமில்லை சார் என்றேன். எடு என்றார். தரையோடு போட்டாச்சு, எடுக்க வராது என்றேன். கட்டில் காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், உதைத்தும் பார்த்தார், கால் வலித்ததுதான் மிச்சம். வேறு ஆளை வைத்து அறுத்துவிடுவேன் என்றார். அதற்குள் அக்கா காலை நீட்டிப் படுத்துவிட்டாள். படுத்திருக்கிற பொம்பளையோடு சேர்த்துக் கட்டிலை அறுக்க எந்தப் பட்டறைக்காரனும் வரமாட்டான் என்பது அவருக்கும் தெரிந்தது.

தெரு இதையும் எடுத்துக்கொண்டது. குறுகியபோது மெச்சிய அதே வாய்கள், எப்படி அனுசரித்துப் போனவள், இப்போது பார் எப்படி நீட்டி நிமிர்ந்துவிட்டாள், அந்த வெல்டிங்காரன் ஏதோ செய்துவைத்துவிட்டான் என்றன. தன் பாவாடைகளைத் துவைத்துத் திருப்பிக் கொடுக்கவில்லையே என்று விசாலம் டீச்சர் குறைப்பட்டாள். ஐந்தடி இரண்டு அங்குலத்துக்கு மேல் அக்கா ஒரு நூல்கூட வளரவில்லை. அவர்களுக்கு அதுவே அதிகமாகத் தெரிந்தது.

வராந்தா திறக்கிற நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சம்பந்தி குடும்பம் காரில் வந்து இறங்கியது, சங்கத்தார் வந்தார்கள், டீச்சர் வந்தாள், எல்லோருமாகப் பதினெட்டுப் பேர் வாசலில் நின்றார்கள். என் வேலையில் பாக்கி இருந்தது தாழ்ப்பாள் மட்டும்தான். வருகிறவர்கள் தாங்களே திறந்துகொண்டு வர வசதியாக வெளிப்பக்கம் வை என்று சார் முதல் நாளே சொல்லியிருந்தார். டிரில்லைக் கையில் எடுத்தேன்.

“தம்பி,” என்று கட்டிலிலிருந்து அக்கா சொன்னாள். சத்தமாகக்கூட இல்லை. “தாழ்ப்பாள உள்பக்கம் வைங்க.”

பதினெட்டுப் பேரும் சாரைப் பார்த்தார்கள். சார் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய், உள்பக்கச் சட்டத்தில் நாலு ஓட்டை போட்டு, நாலு திருகாணியையும் இறுக்கி, ஒருதரம் இழுத்துப் பார்த்தேன், சரியாக விழுந்தது. அக்கா அந்த இரண்டடி இடத்தில் இறங்கி நின்றாள், நடந்து கதவுவரை வந்தாள். நாற்காலி காலியாக இருந்தது. ஒரு நிமிஷம், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு ஆசையாக இருந்தது.

“நீங்களும் வெளிய நில்லுங்க தம்பி,” என்றாள். “அதுல யாரு உக்காரணும்னு நான் பெறகு சொல்றேன்.”

வெளியே வந்தேன். அது சரிதான், நானும் காபி குடித்தவன்தானே. எனக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

மணி ஐந்தரை. குளத்துப் பக்கமிருந்து அவை கிளம்பி வந்தன, வழக்கம்போல. இருபது பேரும் வாசலில் நின்றபடி கழுத்திலும் கையிலும் காலிலும் அறைந்துகொண்டோம். சார் உள்ளே போய்த் தானே காபி போட்டுக்கொண்டு வந்தார், முழுக்க ஆடை, தண்ணீர் வாடை. சம்பந்தி ஒரு வாய் குடித்துவிட்டுச் செடியோரம் ஊற்றினார். வலைக்கு அந்தப் பக்கம் தனபாக்கியம் அக்கா ஆறடிக் கட்டிலில் காலை முழுசாக நீட்டி, எங்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். இளைப்புச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. அவள் தோள் மட்டும் நிதானமாக ஏறி இறங்கியது. வெளியே நாங்கள் அறைந்துகொள்கிற சத்தம்தான் கேட்டது.